வாலுக்குப் பின்னால்

கடைசி என்று சொல்லக்கூடாது, வால் என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஜெசிந்தாவுக்கு முதல் பைக் ரைடிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இந்தக் கூட்டத்தில் கடைசி வண்டி கிடையாது, கடைசி வளைவு கிடையாது, கிளம்புகிற நேரத்தில் கடைசியாக ஒரு டீ என்றுகூட யாரும் கேட்க மாட்டார்கள், இன்னொரு டீ என்பார்கள். அப்படிப் பழகிய பிறகும் வால்பாறை டீக்கடையில் ஹெல்மெட்டைத் தலையில் இறக்கும்போது அந்த ஒரு வார்த்தைதான் நாக்கின் அடியில் கிடந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. எல்லாம் அந்தப் பையன் கேட்ட கேள்வியால் வந்தது. நவநீதன், பொள்ளாச்சியில் கயிறு மில் ஆபீஸில் வேலை, புதிதாகப் பெரிய வண்டி வாங்கியவன், கூட்டத்தோடு வருவது இது இரண்டாவது முறை. "வாலுக்கு பயமா இருக்காதாக்கா? பின்னாடி யாருமே இருக்க மாட்டாங்களே" என்று பஜ்ஜியை ஊதிக்கொண்டே கேட்டான். அவள் சிரித்துவைத்தாள். முன்னால் போகிற குமரகுரு அண்ணன்தான் தலை. கோயமுத்தூரில் பெயின்ட் கடை வைத்திருப்பவர், ஐம்பது தாண்டியவர், வளைவுக்கு வளைவு ஹெல்மெட் இன்டர்காமில் "வால்?" என்று கேட்பார். ஜெசிந்தா "ஆடுது" என்று சொல்ல வேண்டும். ஆடுது என்றால் எல்லோரும் எனக்கு முன்னால் இருக்கிறார்கள், யாரும் விட்டுப்போகவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான் வாலின் வேலை. நவநீதன் அவளுக்கு நேர் முன்னால் போவான் என்று முடிவாயிற்று, புதுசு என்பதால் அவள் கண்ணிலேயே இருக்கட்டும் என்றார் குரு. சரிங்ண்ணா என்றாள். மதியச் சாப்பாடு முடிந்து வெயில் இன்னும் மேலேதான் இருந்தது. மலை இறங்கும் வழியில் கவர்க்கல்லை நெருங்கியபோது யாரோ திரையை இழுத்துவிட்ட மாதிரி அந்த வெயில் போயிற்று.

"பஞ்சு, பஞ்சு" என்றது காதுக்குள் குருவின் குரல். மூடுபனிக்கு இவர்கள் பேர் அது. ரோட்டில் சரளை கிடந்தால் பொடி. நடுரோட்டில் யாருக்கும் ஒதுங்காமல் இறங்கிவரும் பஸ் மாப்பிள்ளை. வண்டியோடு படுத்து ரோட்டில் இழுபட்டுப் போனால் தோசை, தூக்கி எறியப்பட்டால் சுண்டல். எல்லாமே திங்கிற சாமானும் சிரிக்கிற பேச்சும்தான், ஆனால் ஜெசிந்தா பொள்ளாச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள், தோசை என்று அவர்கள் சொல்லும்போது அவளுக்கு மட்டும் இடுப்பெலும்பின் ஓரம் வெள்ளைக் கோடாகத் தெரியும். சுண்டல் என்றால் கழுத்துக்குக் கீழே ஓர் இடம் தெரியும். விழுந்துவிட்டான் என்று சொல்ல ஏன் இத்தனை பயம் என்று ஆரம்பத்தில் நினைத்திருக்கிறாள். பிறகு அவளும் சொல்லப் பழகிவிட்டாள், பழகியபின் அந்த வார்த்தைகள் ஜாக்கெட் மாதிரி ஆகிவிட்டன, கழற்றினால் குளிர்கிறது. இப்போது கிளட்ச்சைப் பிடித்த விரல்களில் குளிர் ஏறிக்கொண்டிருந்தது. ஹெல்மெட் கண்ணாடிக்குள் அவள் மூச்சே படிந்து எல்லாம் பாலாகிவிட, வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டி, கண்ணாடியைத் தூக்கிக் கையுறையால் துடைத்தாள். துடைத்ததில் இன்னும் மோசமாயிற்று. உறையைக் கழற்றி, விரலால் துடைத்து, மறுபடி மாட்டி, கியரைப் போட்டாள். கொஞ்ச நேரம்தான். முன்னால் ஒன்றுமில்லை, வெள்ளை. பிறகு வெள்ளைக்குள் ஒரு சிவப்புப் புள்ளி. அப்பாடா, என்று முறுக்கினாள், புள்ளி பக்கத்தில் வந்தது, அதற்குப் பின்னாலேயே போனாள். பையன் நல்லாத்தான் ஓட்டறான், அவசரமில்லாமல், என்று மனசுக்குள் அவனுக்கு ஒரு சபாஷ்கூடச் சொன்னாள்.

"வால்?" என்றார் குரு. பட்டனை அழுத்த அவள் இடது கையைத் தூக்குவதற்குள், "ஆடுது" என்றது ஒரு குரல்.

அவளுடைய குரல் இல்லை. கை காதருகே போய் அப்படியே நின்றது. பிறகு மெதுவாகக் கைப்பிடிக்குத் திரும்பி வந்தது. "என்ன அம்மிணி, தொண்டை கட்டிக்குச்சா? ஆம்பளைக் குரலாட்டம் வருது" என்று குரு சிரித்தார், முன்னால் இருந்து இன்னும் யாரோ சிரித்தார்கள், காற்றிரைச்சலில் எல்லோருடைய சிரிப்பும் ஒன்றாகத்தான் கேட்டது. அவள் சிரிக்கவில்லை, மறுக்கவுமில்லை. நான் சொல்லலீங்ண்ணா என்று சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும். சொல்லாதவரைக்கும் அது காற்று, இன்டர்காம் கோளாறு, தன் மனசு. யாராவது விளையாடுகிறார்களா. விளையாட மாட்டார்கள், வால் விஷயத்தில் யாரும் விளையாடுவதில்லை, வேலாயுதம் அண்ணன் போனதிலிருந்து யாரும் விளையாடுவதில்லை. அந்தப் பேர் வந்திருக்கக் கூடாது. வந்துவிட்டது. ஆடுது என்ற சொல்லே அவருடையதுதான். அவளுக்கு முன்னால் வருஷக்கணக்கில் வாலாக இருந்தவர் அவர், கனத்த மனுஷன், பெரிய மீசை, வால்னு சொன்னா ஆடணுமல்லோ என்று அவர்தான் முதலில் ஆரம்பித்துவைத்தார். ரோட்டில் போகவில்லை அவர். இருமலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார், மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டோடு அவளுடைய அறைக்குத்தான் வந்தார், அட நம்ம அம்மிணி என்று சட்டையைக் கழற்றிக்கொண்டே சந்தோஷப்பட்டார். மோவாயைத் தூக்கி வைத்து, தோளை முன்னால் தள்ளி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். திரையில் நெஞ்சு வந்தது. கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை, கீழிருந்து மேலே ஏறுகிற வெள்ளை, மலைச்சரிவில் ஏறுகிற மாதிரியே. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "என்ன அம்மிணி, பஞ்சா?" என்றார். "டாக்டர் சொல்லுவாருங்ண்ணா" என்றாள், அப்படித்தான் சொல்ல வேண்டும், எல்லோரிடமும் அதைத்தான் சொல்வாள். "பஞ்சுதான் போல" என்று அவரே சொல்லிக்கொண்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனார். மழைக்காலம் முடிவதற்குள் முடிந்துவிட்டது. அதன் பிறகு வால் யார் என்று பேச்சு வந்தபோது எல்லோரும் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள்தான் நான் இருக்கறேன் என்றாள். ஏன் சொன்னாள் என்று இன்றுவரை தெரியவில்லை. ஸ்டீபன்கூடக் கேட்டான், உனக்கு எதுக்கு இந்த வேலை, முன்னாடி போயேன், பின்னாடி போறவளை யார் பாப்பாங்க என்று. புருஷன் கேட்டுக்கொண்டிருக்க, அவள் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

பின்னால். பின்னால் என்ன இருக்கிறது. பக்கக் கண்ணாடியில் வெள்ளை, அதில் அவளுடைய தோள், தோளுக்கு அப்புறம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை. இன்னொரு தடவை பார்த்தாள். பனியில் இருட்டும் இல்லை வெளிச்சமும் இல்லை, எதுவும் இல்லாத இடம் போலவும் எது வேண்டுமானாலும் இருக்கக்கூடிய இடம் போலவும் இருந்தது. "வால்?" என்றது காது. அவள் வாயைத் திறந்தாள். "ஆடுது" என்றது அது, இந்தத் தடவை கொஞ்சம் மணல் விழுந்த மாதிரி, இழுத்து, நடுவில் ஒரு மூச்சோடு. பிறகு, யாரும் கேட்காமலே, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், "பஞ்சு... ஒரே பஞ்சா இருக்குது." ஜெசிந்தாவின் கண் பக்கக் கண்ணாடியைவிட்டு வர மறுத்தது. வாங்கண்ணா, வராதீங்கண்ணா, எது சொல்ல வேண்டும் என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு முன்சக்கரம் வேறு சத்தம் போடுவது கேட்டது. சரளை. பொடி! ரோட்டோரக் கல் தடுப்பு பனிக்குள்ளிருந்து பல் மாதிரி வெளியே வந்துகொண்டிருந்தது. கண் ஒட்டுறது என்பார்கள் இதை. எதைப் பார்த்துப் பயப்படுகிறாயோ அதிலேயே கண் ஒட்டிக்கொள்ளும், கண் ஒட்டின இடத்துக்கு வண்டி போகும், பள்ளத்தைப் பார்க்காதே, வளைவு முடிகிற இடத்தைப் பார். வளைவு முடிகிற இடம் எங்கே இருக்கிறது இந்த வெள்ளையில். பற்களைக் கடித்து, தலையை மட்டும் வலுக்கட்டாயமாகத் திருப்பினாள், எங்கே ரோடு இருக்க வேண்டுமோ அங்கே பார்த்தாள். வண்டி முனகிக்கொண்டு அவள் பார்த்த பக்கம் வந்தது. தொடை இரண்டும் டேங்கை இறுக்கிக்கொண்டன. முன்னால் சிவப்புப் புள்ளி எதுவுமே நடக்காததுபோல் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார். அதை மட்டும் பார். பையன் இருக்கிறான், பையனுக்குப் பின்னால் நீ இருக்கிறாய், உனக்குப் பின்னால் யாருமில்லை.

சிவப்புப் புள்ளி இடதுபக்கம் ஒதுங்கியது. இன்டிகேட்டர் இல்லை, கை நீண்டது, நீண்ட கையில் மடக்கிய குடை. எஸ்டேட் கேட். பனி சற்று விலகிய இடத்தில் அவள் பார்த்தாள், ஒரு மொபெட், பின்னால் பால் கேன், சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்ட ஒரு பெரியவர். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் தேயிலைக்குள் இறங்கிப் போனார். அவள் பிரேக்கை அழுத்தி நின்றாள். என்ஜின் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அப்படியானால் எத்தனை நேரமாக. எந்த இடத்தில். கண்ணாடி துடைத்தேனே, அப்போதா, அந்த இடைவெளியில் ஏதோ சந்திலிருந்து இந்தப் பெரியவர் ரோட்டுக்கு வந்திருக்கிறார், அவருடைய விளக்கைத்தான் பையன் என்று நினைத்துக்கொண்டு. பையனுக்குச் சொன்ன சபாஷ் இந்தப் பெரியவருக்குப் போயிருக்கிறது. ஒருவேளை அவன் முன்னால் போய்ச் சேர்ந்துகொண்டிருப்பான், குருவோடு இருப்பான், அப்படித்தான் இருக்கும். "வால்?" என்றார் குரு, ரொம்ப தூரத்திலிருந்து. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். "...டுது" என்றது. பாதி மணல், பாதி மூச்சு. முதல் தடவை தெளிவாக இருந்தது, பிறகு மங்கல், இப்போது தேய்ந்தேபோய்விட்டது. நான் இறங்க இறங்கத் தேய்கிறது. இவர்களுடைய இன்டர்காம் ஒரு ஹெல்மெட்டிலிருந்து அடுத்த ஹெல்மெட்டுக்குத் தாவிப் போவது. பின்னால் இருக்கிற எதுவும் குருவின் காதுக்குப் போக வேண்டுமானால் அவள் தலை வழியாகத்தான் போக வேண்டும். இத்தனை நேரமும் அந்தக் குரல் தன் மண்டை வழியாகப் போய்க்கொண்டிருந்தது என்ற நினைப்பு மயிர்க்காலெல்லாம் ஊசியாகக் குத்தியது. ஆனால் அதோடு சேர்ந்தே இன்னொன்றும் வந்தது, வெந்நீர் மாதிரி. செத்தவனுக்கு எதுக்கு ரேஞ்ச்? வேலாயுதம் அண்ணன் வருவதென்றால் தேய்ந்து தேய்ந்தா வருவார். தேய்கிறது என்றால் அது ஓர் இடத்தில் இருக்கிறது. இடம் இருக்கிறதென்றால் அங்கே ஓர் உடம்பு இருக்கிறது.

"குருண்ணா, நில்லுங்க" என்றாள். தன் குரலே தனக்கு அந்நியமாக இருந்தது. "இதுவரைக்கும் ஆடுதுன்னு சொன்னது நானில்லை. நவநீதன் உங்ககூட இருக்கறானா?"

இரைச்சல். யாருடைய என்ஜினோ அணைகிற சத்தம். "உனக்கு முன்னாடிதானே அம்மிணி இருந்தான்?"

"நான் மேல போறேங்ண்ணா. நீங்க வாங்க" என்று வண்டியைத் திருப்பினாள். குறுகல் ரோடு, கால் இரண்டையும் ஊன்றி, தள்ளி, முன்னும் பின்னும் இழுத்து, எந்த நிமிஷமும் மாப்பிள்ளை வந்து நெஞ்சில் ஏறலாம் என்கிற இடத்தில் குறுக்கே நின்று. திரும்பியதும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. இறங்கும்போது பின்னால் இருந்த அது இப்போது முன்னால் இருந்தது, அதை நோக்கித்தான் போகிறாள். ஹார்னை விட்டு விட்டு அடித்துக்கொண்டே ஏறினாள். முதல் வளைவில் அவளே கேட்டாள். "வால்?" வாலாக இருக்கிறவள் வாலைக் கேட்கிற அபத்தம் பாதி மனசில் ஓடியது. இரைச்சல், பிறகு, "ஆடுது." அடுத்த வளைவு. "வால்?" "ஆடுது." மணல் குறைந்திருந்தது. "நவநீதா, எங்க இருக்கே? என்ன தெரியுது?" அதற்குப் பதில் இல்லை, மூச்சு மட்டும் கேட்டது, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மூச்சு. பேர் சொன்னால் பேசாது, அந்த ஒரு கேள்விக்கு மட்டும்தான் பேசும் என்று புரிந்தபோது மறுபடி பயம் வந்தது. யார் நீ. அவன்தானா. அவன்தான் என்று எப்படித் தெரியும், குரலை எப்படித் தெரியும், இரண்டு ரைடு, ஒரு பஜ்ஜி, அவ்வளவுதானே பழக்கம். "வால்?" "ஆடுது." இவ்வளவு தெளிவாக, காது மடலில் உதடு வைத்த மாதிரி. முறுக்கினாள். அடுத்த தடவை கேட்டபோது மறுபடி மணல். தாண்டிவிட்டேன். திரும்பி, இரண்டு காலாலும் தரையைத் தொட்டுக்கொண்டே, நடக்கிற வேகத்தில் இறங்கினாள். ரோட்டில் சரளை சிதறிக் கிடந்தது, சரளைக்கு நடுவில் விரலால் கோலம் இழுத்த மாதிரி ஒரு வளைந்த கோடு, கோடு போய் முடிந்த இடத்தில் தடுப்புக் கல் ஒன்று இல்லாத பொந்து. வண்டியை நடுரோட்டிலேயே விளக்குகள் மினுங்க நிறுத்தி, என்ஜினை அணைத்தாள். மலை அத்தனையும் ஒரேயடியாகச் சும்மா இருந்தது. இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "வால்?" என்றாள் மெதுவாக. ஆடுது என்று ஹெல்மெட்டுக்குள் கேட்டது, அதற்கு ஒரு கண்ணிமைப்புப் பிந்தி, காலுக்குக் கீழே பள்ளத்துக்குள்ளிருந்து, நிஜக் காற்றில், ஆடுது என்று இன்னொரு தடவை கேட்டது.

உண்ணிச்செடிப் புதர்தான் அவனைப் பிடித்துவைத்திருந்தது. வண்டி இன்னும் கீழே எங்கோ போயிருந்தது, பெட்ரோல் வாடை மட்டும் மேலே வந்தது. முட்கள் கிழிக்க உட்கார்ந்தபடியே வழுக்கி இறங்கி அவன் பக்கத்தில் போய்ச் சேர்ந்தாள். மல்லாந்து கிடந்தான். ஹெல்மெட்டைக் கழற்றப் போன கையைத் தானே தட்டிவிட்டாள், கழுத்து, கழுத்தைத் தொடாதே. கண்ணாடியை மட்டும் தூக்கினாள். கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது, அவளைத் தாண்டியும் பார்த்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவள் கண்ணுக்குத் துணியும் தோலும் மறைந்து இரண்டு எலும்பும் தெரிந்தன. தோள்பட்டையிலும் ஒன்று. நெஞ்சு ஏறி இறங்கியது, இரண்டு பக்கமும் சமமாக. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா" என்றான். "நான் தோசையா, சுண்டலா?"

சிரிப்பு வந்தது அவளுக்கு. எந்த வார்த்தையைச் சொல்வது. எந்த வார்த்தையைச் சொன்னாலும் அது வழுக்கிக்கொண்டு பள்ளத்துக்குள் போய்விடும் போலிருந்தது. "விழுந்துட்டே" என்றாள். "வண்டியிலிருந்து விழுந்துட்டே தம்பி. கால் ஒடைஞ்சிருக்கு. தோளெலும்பும் ஒடைஞ்சிருக்கு. உசுரோட இருக்கே. அசையாத." அவன் அதை வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தான், விழுந்துட்டேன் என்று. சொன்ன பிறகுதான் வலி அவனிடம் வந்து சேர்ந்தது, முகம் சுருங்கியது, குழந்தை மாதிரி அம்மா என்றான். வலிக்கிறதே, நல்லது என்று நினைத்துக்கொண்டாள். "ஏன்டா என் வேலையை நீ பாத்தே? வாலுன்னு கேட்டா நானல்லோ சொல்லணும்?" பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், தூங்கவிடக்கூடாது. அவன் யோசித்தான். "எல்லா வண்டியும் போற சத்தம் கேட்டுதுக்கா. உங்க வண்டியும் போயிருச்சு. எனக்குப் பின்னாடி யாருமில்லை. அப்ப நான்தானே வாலு."

குருவும் மற்றவர்களும் வந்தார்கள். பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு விளக்காக வந்தது. கயிறு வந்தது, எஸ்டேட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள், கதவுப் பலகை ஒன்றை எடுத்துவந்து அதில் அவனைக் கட்டித் தூக்கினார்கள். அவர்களில் பால்காரப் பெரியவரும் இருந்தாரா என்று அவள் தேடினாள், தெரியவில்லை, எல்லோருமே தலையில் சாக்குப் போட்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் மலை இறங்க, அதன் பின்னாலேயே அவள் இறங்கினாள். அடிவாரத்தில் வெயில் இருந்தது. இவ்வளவு நேரமும் அங்கே வெயில் இருந்திருக்கிறது என்பதை அவளால் நம்ப முடியவில்லை. மாங்காய் விற்கிறவர்கள், ஆழியாறு அணையில் போட்டோ எடுக்கிறவர்கள். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை, ஆம்புலன்ஸின் பின்கதவையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள், கண் ஒட்டட்டும், இதில் ஒட்டட்டும்.

ஆஸ்பத்திரியில் ட்யூட்டிப் பெண் ஒருத்தி இருக்கத்தான் செய்தாள். "நீங்க இருங்கக்கா, நான் எடுக்கறேன்" என்றவளிடம், "இல்லை, என்ற ஆளு, நானே எடுக்கறேன்" என்றாள் ஜெசிந்தா. முள் கிழித்த ஜாக்கெட்டோடும் சேற்றுப் பூட்ஸோடும் அவளே எக்ஸ்ரே தட்டை அவன் முதுகுக்கு அடியில் மெதுவாகச் செருகினாள், அவளே விளக்கை நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்தாள். வலிக்கு ஊசி போட்டிருந்ததால் நவநீதன் கொஞ்சம் தெளிந்திருந்தான். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "ஏனுங்க்கா, நான் மேல என்ன பேசினேன்? சுத்தமா ஞாபகமில்லீங்க்கா" என்றான். "ஒண்ணுமில்லை, அப்புறம் பேசலாம். மூச்சை நல்லா இழு. இழுத்து அப்படியே புடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் வந்து பட்டனை அழுத்தினாள். திரையில் கீழிருந்து மேலே படம் வரத் தொடங்கியது. அவளுக்குப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்காமலிருக்கவும் பயமாக இருந்தது. விலாவில் ஒரு விரிசல். தோளெலும்பு அவள் சொன்ன இடத்திலேயே. நடுவில் இரண்டு பக்கமும் நுரையீரல், கறுப்பு, எங்கும் ஒரு புகை இல்லாத சுத்தமான கறுப்பு. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மழைவிட்ட ராத்திரி வானம் மாதிரி இருந்தது. எத்தனை நேரம் பார்த்தாளோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ சரியில்லை என்று தோன்றி நிமிர்ந்தாள். மேஜைமேல் பையன் முகமெல்லாம் சிவந்து, கன்னம் புடைத்து, கண் பிதுங்கி, இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். விடச்சொல்லி யாரும் சொல்லவில்லை.

"விடு தம்பி" என்று கத்திக்கொண்டே ஓடினாள். "விடு, விட்டுரு."

அவன் விட்டான். அந்தக் காற்று சூடாக அவள் மணிக்கட்டில் பட்டது. அது நின்று, அடுத்த மூச்சு தானாக உள்ளே போகிறதா என்று பார்த்தபிறகு, தட்டை உருவி எடுத்துக் காலடிப் பக்கம் வந்தாள்.

"இப்பக் கால்" என்றாள்.